உஷ்ணம் அனுமதிக்கும் ஒளி

கைவிளக்குகளைப் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பமானாலும், அதில் முதன்முதலாக எழுகின்ற கேள்வி "எத்தனை லூமென்?" என்பதாகவே இருப்பதை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவாகப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தொகையையே விளக்கின் யோக்கியதைக்கு அளவுகோலாகக் கொண்டு, ஆயிரத்தைவிட இரண்டாயிரம் உயர்ந்தது, இரண்டாயிரத்தைவிட ஐயாயிரம் உயர்ந்தது என்று தீர்மானித்துவிடுவது சுலபமாக இருக்கிறபடியால், அந்தக் கேள்விக்கு இவ்வளவு செல்வாக்கு ஏற்பட்டிருக்கிறது போலும். ஆனால், எல்.இ.டி.யையும் அதை இயக்கும் டிரைவரையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, உலோகக் கூட்டுக்குள் என் கையாலேயே பொருத்தி, அப்படிச் செய்த விளக்குகளை இரவில் வேலை செய்கிற மனிதர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு வந்த அனுபவத்தில் எனக்குள் நிலைத்துவிட்ட அபிப்பிராயம் வேறு. எந்த இருளில், எத்தனை நேரம், எதைப் பார்ப்பதற்காக என்பவற்றையெல்லாம் கேட்டு முடித்து, கையில் அடங்குகின்ற அந்தச் சிறிய உலோக உடம்பு எவ்வளவு உஷ்ணத்தைத் தாங்கும் என்பதையும் கணக்கிட்ட பிறகு, கடைசியாக வந்து சேரவேண்டிய விடையே லூமென்.

என் பாலியத்தில் எங்கள் வீட்டில் இருந்தது எவரெடி மூன்று கட்டை டார்ச் லைட். கட்டைக்கு 1.5 வோல்ட் வீதம் 4.5 வோல்ட், ஒரு தள்ளு சுவிட்ச், ஒரு சிறிய பல்பு. டிரைவர் என்ற உறுப்பே அதில் கிடையாது. அது ஏன் தேவைப்படவில்லை என்பதைப் பிற்காலத்தில் பாலிடெக்னிக்கில் மின்னணுப் பட்டறைப் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் நான் சிரத்தையுடன் சிந்தித்தேன். பல்புக்குள்ளிருக்கும் டங்ஸ்டன் இழை, குளிர்ந்திருக்கும்போது காட்டும் மின்தடையைப்போல் பத்து மடங்குக்கு மேலான தடையைப் பழுக்கக் காய்ந்த நிலையில் காட்டுவதால், மின்னோட்டம் சற்று மிகுந்தாலும் இழையின் சூடு ஏறி, அந்தச் சூடே தடையை உயர்த்தி, மின்னோட்டத்தை மீண்டும் ஓர் எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இந்த அருமையான குணம் எல்.இ.டி.க்கு அறவே இல்லை. அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் மின்னோட்டம் தாவி ஏறும். சூடேறினால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறைந்து, மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே அதற்கு வெளியிலிருந்து ஒரு காவல் அவசியமாகிறது. அந்தக் காவலே டிரைவர்.

ஜப்பானில் தோகுஷிமா மாவட்டத்து ஆனான் நகரிலிருக்கும் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை 1993ஆம் ஆண்டில் உருவாக்கியதும், அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெண்ணொளியைப் பெறும் யுக்தியை அதே கம்பெனி 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் நாகமுராவுக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததும் பலரும் அறிந்த சரித்திரம். நான் சொல்ல வந்தது அதற்கடுத்த கட்டம். அமெரிக்காவின் க்ரீ கம்பெனி 2010ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ்எம்-எல் என்ற எல்.இ.டி.யை அறிவித்தது. 5 மில்லிமீட்டர் சதுரமான அடித்தளத்தின்மேல், பக்கத்துக்கு 2 மில்லிமீட்டராக அமர்ந்திருக்கும் அந்த மஞ்சள் சில்லு 3 ஆம்பியர் மின்னோட்டத்தில் 1,000 லூமென் தரும் என்றும், வாட்டுக்கு 100 லூமென் என்ற விகிதத்தில் தரும் என்றும் அவர்கள் வெளியிட்ட குறிப்பைப் படித்தபோது, வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமென் கொடுத்த இழைப் பல்புகளோடு வளர்ந்த எனக்கு உண்டான பிரமிப்பை இன்றும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே அது என் மேஜைக்கு வந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால், பெட்டியின்மேல் "டி6" என்று அச்சிட்ட விளக்குகள் கடைக்குக் கடை தொங்கிக்கொண்டிருந்தன. டி6 என்பது 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 280 லூமென் தரவேண்டிய ஒரு தரவகுப்பின் பெயர். அந்த வகுப்பைச் சேர்ந்த சில்லு உள்ளே இருக்கிறதா என்பது, திறந்து பார்த்து அளந்தால் மட்டுமே தெரியக்கூடிய விஷயமாக இருந்தது.

அந்நாளில் நான் முதலில் பழகிய டிரைவர், 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தகடு. ஏஎம்சி7135 என்ற சிறு ஐ.சி. எட்டு அதன் இரு பக்கங்களிலும் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியரை மாத்திரம் அனுமதிக்கும். எட்டும் சேர்ந்தால் 2.8 ஆம்பியர். நடுவில் எட்டுக் கால்களோடு அமர்ந்திருக்கும் ஏடி-டைனி13ஏ என்ற நுண்கணிப்பான், எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அவற்றுக்குக் கட்டளையிடும். முழு வேகத்தில் ஓடும் பம்புசெட்டின் குழாயில் வால்வைத் திருகி நீரைக் குறைப்பதைப்போல, மிகுதியான மின்னழுத்தத்தைத் தானே உஷ்ணமாக ஏற்றுக்கொண்டு, எல்.இ.டி.க்கு வேண்டியதை மட்டும் விடுவது இதன் சுபாவம். 18650 என்று வழங்கும் லித்தியம் பேட்டரி முழுதும் சார்ஜ் ஆனபோது 4.2 வோல்ட், சுமையில் ஏறக்குறைய 4 வோல்ட்டுக்கு இறங்கும். 2.8 ஆம்பியரில் எக்ஸ்எம்-எல் கேட்பது 3.3 வோல்ட். மீதியுள்ள 0.7 வோல்ட்டை 2.8ஆல் பெருக்கினால் சுமார் 2 வாட். அவ்வளவும் அந்த நாணயமளவுத் தகட்டில் வீணாகச் சுடுகிறது. இதைக் கேட்டவுடன் "என்ன விரயம்!" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பேட்டரி இறங்க இறங்க இந்த விரயமும் இறங்கிக்கொண்டே வந்து, 3.5 வோல்ட் அருகில் அற்பமாகிவிடுகிறது என்பதையும், இந்த ஐ.சி. தன் காரியத்துக்காக எடுத்துக்கொள்வது 0.12 வோல்ட்தான் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. இன்னும் ஒரு விசேஷம்: பேட்டரி அதற்கும் கீழே போனால் விளக்கு பொசுக்கென்று அணையாமல், சிறிது சிறிதாக மங்கி, வீடு திரும்பும் நேரம் வந்துவிட்டதென்று அறிவித்துவிட்டே ஓய்கிறது. இக்குணத்தின் அருமையை நான் மேஜையில் அறியவில்லை, தோட்டத்தில்தான் அறிந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான சம்பிரதாயம் ஒன்று, சில ஆண்டுகளில் ஆர்வலர்களிடையே பிரபலமாயிற்று. எட்டு ஐ.சி.களின் இடத்தில் ஒரே ஒரு ஃபெட் டிரான்சிஸ்டரை வைத்து, அதை முழுதும் திறந்துவிட்டால், பேட்டரியும் எல்.இ.டி.யும் நேருக்கு நேராக இணைந்துவிடுகின்றன. மின்னோட்டத்துக்கு எல்லை வகுப்பவை பேட்டரியின் உட்தடை, ஸ்பிரிங்கின் தடை, கம்பியின் தடை ஆகியவை மாத்திரமே. எனவே அந்த அற்பத் தடைகளையும் ஒழிக்கும் பொருட்டு, ஸ்பிரிங்கின் தலைக்கும் அடிக்குமாகச் செம்புக் கம்பியைப் பற்றவைப்பார்கள். 15 ஆம்பியர் வரை கொடுக்கவல்ல பேட்டரியைத் தேடிப் போடுவார்கள். என்னிடம் படித்து, பிற்காலத்தில் நல்ல வேலையில் அமர்ந்துவிட்ட ஓர் இளைஞர், க்ரீயின் எக்ஸ்பி-எல்லைச் செம்புத் தகட்டில் பற்றவைத்து இவ்வாறு செய்த விளக்கொன்றைக் கொண்டுவந்து, இரவில் எங்கள் மொட்டைமாடியில் ஏற்றிக் காட்டினார். பேட்டரி புதிதாய்ச் சார்ஜ் ஆகியிருந்தபடியால் மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தாண்டிப் போயிற்று. எதிர்வரிசைத் தென்னைகளின் ஒவ்வோர் ஓலையும் பிரத்யட்சமாகத் தெரிந்தது. அந்த அழகை நான் மனமாரப் பாராட்டினேன், இப்போதும் பாராட்டுகிறேன். ஆயினும் கையிலிருந்த உலோகம் சுட ஆரம்பித்ததும், அதை அவர் இடக்கைக்கு மாற்றியதும், பிறகு துண்டில் சுற்றிப் பிடித்ததும், என் மனத்தில் ஒரு கணக்கைக் கிளப்பிவிட்டன.

அந்தக் கணக்கு இதுதான். எல்.இ.டி.க்குள் செல்லும் மின்சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஒளியாக வெளியேறுகிறது. எஞ்சிய இரு பங்கும் சில்லின் அடியில் உஷ்ணமாகத் தேங்குகிறது. அது தகட்டின் வழியாகக் கூட்டுக்கும், கூட்டின் வழியாகக் கைக்கும் காற்றுக்கும் போய்ச் சேரவேண்டும். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலோகத்தைக் கையில் வைத்திருப்பது கஷ்டம். அவ்வெல்லைக்குள் நின்றுகொண்டு, ஒற்றை 18650 பேட்டரி அளவுள்ள ஒரு கூடு அசையாத காற்றில் எத்தனை வாட் உஷ்ணத்தை இடைவிடாமல் வெளியேற்றும் என்று, மின்விசிறியை நிறுத்திவிட்டும் ஓட்டியும் தெர்மோகப்பிள் ஒட்டியும் பார்த்ததில், நான்கைந்து வாட்டுக்குமேல் எனக்குக் கிட்டவில்லை. அப்படியானால், அரைமணிக்கு மேல் நிலைத்து எரியவேண்டிய விளக்குக்கு எல்.இ.டி.யில் ஏழு வாட் செலுத்துவதே உச்சவரம்பு. ஃபெட் கொடுக்கிற இருபது வாட், முதல் ஒன்றிரண்டு நிமிஷங்களின் விருந்து. பிறகு, உள்ளேயிருக்கும் நுண்கணிப்பான் சூட்டை அறிந்து தானாகவே ஒளியைக் குறைத்தாக வேண்டும். ஆண்டுரில் என்ற பெயரால் ஆர்வலர்கள் விரும்பி ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் இதைச் செவ்வனே செய்கிறது. குறைத்த பிறகு நிற்கின்ற ஒளி எதுவோ, அதுதான் அந்த விளக்கின் மெய்யான ஒளி. போதாததற்கு, இரண்டு மடங்கு வெளிச்சத்தை நம்முடைய கண் இரண்டு மடங்காக உணர்வதும் இல்லை. அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி 1,000 லூமெனுக்கும் 1,400 லூமெனுக்கும் உள்ள பேதம் தென்படாது.

இந்தச் சமயத்தில்தான் என் அக்காள் கணவருடைய தோட்டத்து விவகாரம் குறுக்கிட்டது. கோயமுத்தூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர் வட்டாரத்தில், மலையடிவாரத்தில், வாழையும் தென்னையுமாகச் சில ஏக்கர் வைத்திருந்தார். மும்முனை மின்சாரம் இரவில் வருகிற நாட்களில் இரவில்தான் தண்ணீர் கட்ட வேண்டும். மடை திருப்பிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடக்கும்போது காலடியில் விரியன் கிடக்கலாம்; வாழையின் கடைக்கோடியில் காட்டுப்பன்றி நிற்கலாம்; சில மாதங்களில் யானையே வந்து நிற்கும். பிரகாசமான டார்ச் லைட் ஒன்று செய்து தரவேண்டுமென்று அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"தூரத்துல ஆனை நிக்குதான்னு சாளை வாசல்ல இருந்தே தெரியோணும் மாப்ளே, அதுக்கொரு வெளிச்சம். தண்ணி கட்டறப்போ காலுக்கு முன்னால என்ன கெடக்குதுன்னு தெரியோணும், அதுக்கொரு வெளிச்சம். ரெண்டும் ஒரே லைட்டுலதான் இருக்கோணும்னு இல்லீங்க" என்றார்.

மின்னணுவியல் ஒரு நாளும் படிக்காத மனிதர், எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுப்பதற்கான தாற்பரியம் முழுவதையும் அந்தச் சில வார்த்தைகளில் எனக்குச் சொல்லிவிட்டார். தூர ஒளியும் அண்மை ஒளியும் ஒன்றுக்கொன்று முரணான லட்சணங்களைக் கேட்பவை. ஒரே சில்லில் இரண்டையும் திணிக்க முயலும் விளக்குகள் சாதாரண உபயோகத்துக்குச் சௌகரியமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயிருக்குத் துணையாக வேண்டிய இடத்தில் அந்தச் சமரசம் எனக்குச் சம்மதமில்லை.

தூர ஒளியை முதலில் எடுத்துக்கொண்டேன். சாளை என்று அவர் சொல்லும் தோட்டத்து வீட்டின் வாசலிலிருந்து வாழையின் கடைசி வரிசை 150 மீட்டர் இருக்கும். கைவிளக்குகளுக்காக 2009இல் அமெரிக்காவில் வகுத்த எஃப்எல்1 என்ற பிரமாண விதிப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகத் தேய்கின்ற தூரமே விளக்கின் வீச்சு. 0.25 லக்ஸ் என்பது தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலவு தரையில் விழும் அளவு. கேண்டெலாவில் சொல்லப்படும் ஒளிச்செறிவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். அதன்படி 150 மீட்டருக்கு 5,600 கேண்டெலா போதும். ஆனால் 150 மீட்டருக்கு அப்பால் நிலவொளியில் நிற்கும் கரிய யானையை வாழை நிழலிலிருந்து பிரித்தறிய எந்தக் கண்ணாலும் முடியாது. அங்கே குறைந்தபட்சம் நான்கு லக்ஸாவது விழவேண்டும் என்று, அளவுமானியை நிறுத்திப் பார்த்து நாங்கள் இருவருமாக முடிவு செய்தோம். நான்கு லக்ஸுக்கு வேண்டிய செறிவு 90,000 கேண்டெலா. அதே விளக்கைப் பெட்டியிலிட்டு விற்பவர், விதி பிசகாமலே, "வீச்சு 600 மீட்டர்" என்று அச்சிடலாம். ஆகவே, பெட்டியில் கண்ட தூரத்தை நான்கால் வகுத்தால் வருவதே மனிதனுக்குப் பிரயோஜனமான தூரம் என்று அன்று முதல் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

இந்தச் செறிவைக் கொடுப்பது மொத்த லூமென் அல்ல. சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டரிலிருந்து எவ்வளவு ஒளி புறப்படுகிறது என்பதும், ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம் என்பதுமே அதை நிர்ணயிக்கின்றன. எக்ஸ்எம்-எல்லின் சில்லு நான்கு சதுர மில்லிமீட்டர். அதன்மேல் கவிந்திருக்கும் சிலிக்கோன் குமிழ் அதைப் பின்னும் பெரிதாக்கிக் காட்டும். பெரிய சில்லு பெரிய வட்டமாகத்தான் விழும். அந்தக் குமிழைச் சூடாக்கிப் பெயர்த்தெடுத்து, லூமெனை இழந்து செறிவைப் பெறுகிற வித்தையும் ஆர்வலர்களிடம் உண்டு. சிலிக்கோன் பெயரும்போது சில்லோடு இணைந்த மெல்லிய கம்பிகள் அறுந்துபோகுமாகையால் அதற்கு மிகுந்த நிதானம் வேண்டும். நல்லவேளையாக, ஜெர்மனியின் ஆஸ்ராம் கம்பெனி, குமிழே இல்லாமல் தட்டையாக, ஒரே ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள வெண்ணிற எல்.இ.டி. ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. மொத்த ஒளியில் எக்ஸ்எம்-எல்லுக்கு அது எவ்விதத்திலும் இணையில்லை. ஆயினும், வழவழப்பான ஆழ்ந்த ரிஃப்ளெக்டரின் நடுவே அதைத் துல்லியமாக நிறுத்தி, பழைய எட்டு ஐ.சி. டிரைவராலேயே இயக்கியபோது, மெல்லிய கோல் ஒன்று இருளைத் துளைத்துக்கொண்டு போய், வாழையின் கடைசி வரிசையில் மட்டையும் தண்டும் தனித்தனியாகத் தெரியும்படி நின்றது. 3 ஆம்பியருக்குள் முடிந்துவிட்டபடியால் கூடும் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. யானையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதற்கே அது; கண்ணில் அடித்து மிருகத்தை மிரட்டுவதற்கன்று என்று மச்சானிடம் சொன்னேன். அவரும் அதை அறிந்தவரே.

அண்மை ஒளிக்கான தேர்வில்தான் எனக்கு அதிகச் சிந்தனை தேவைப்பட்டது. என் முழு ஈடுபாடும் அதில்தான் சென்றது. காய்ந்த வாழைச் சருகின் பழுப்பும், செம்மண்ணின் சிவப்பும், கண்ணாடி விரியனின் முதுகிலுள்ள சங்கிலித் தடங்களின் பழுப்பும் ஒரே குடும்பத்து நிறங்கள். 6,500 கெல்வின் என்று குறிக்கப்படும் நீலம் பாய்ந்த வெண்மையில், பொருள்களின் நிறத்தை எவ்வளவு மெய்யாகக் காட்டும் என்பதை அளக்கும் நிறப்பிரதிபலிப்புக் குறியெண் 70 மாத்திரமே உள்ள சாதாரண எல்.இ.டி.யைக் கொண்டு பார்த்தால், இவையெல்லாம் ஒரே சாம்பல் பூச்சாகக் கலந்துவிடுகின்றன. அந்த ஒளியில் சிவப்பின் பங்கு மிகக் குறைவு. இல்லாத நிறத்தைப் பொருள் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? நிச்சியாவின் 219பி என்ற எல்.இ.டி.யில் 4,500 கெல்வின் வகையொன்று, குறியெண் 90க்கு மேலும், ஆழ்ந்த சிவப்பைத் தனியே அளக்கும் ஆர்9 என்ற எண்ணில் 80க்கு மேலும் உடையதாகக் கிடைத்தது. லூமென் கணக்கில் அது பின்தங்கியது. அதே மின்சாரத்துக்கு எக்ஸ்பி-எல் கொடுப்பதில் கணிசமான பங்கை அது இழந்துவிடுகிறது. ஆனால் இழந்த லூமெனுக்குப் பதிலாகச் சிவப்பையும் பழுப்பையும் கொடுக்கிறது என்றால், பாம்புள்ள நிலத்தில் அது லாபமான வியாபாரமென்றே நான் கருதினேன்.

அத்தகைய எல்.இ.டி. மூன்றை ஒரே செம்புத் தகட்டில் முக்கோணமாக அமைத்து, மூன்று கண்ணுள்ள லென்ஸை அதன்மேல் பொருத்தி, மூன்றையும் இணையாக இணைத்து, அதே 2.8 ஆம்பியர் டிரைவரையே கொடுத்தேன். இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே போகிறது. எல்.இ.டி. எதுவாயினும் மின்னோட்டம் குறையக் குறைய அதன் திறன் உயரும்; ஒன்றை விரட்டி வேலை வாங்குவதைவிட மூன்றை நிதானமாக வேலை செய்யவிட்டால், அதே மின்சாரத்துக்கு அதிக ஒளியும் குறைந்த சூடும் கிடைக்கும். நடுத்தர வெளிச்சத்தில் எட்டு ஐ.சி.களில் இரண்டு மட்டும் திறக்கும்படி தகட்டின் இணைப்பை மாற்றிக்கொண்டேன், மொத்தம் 0.7 ஆம்பியர். 3,400 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் அது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரியும். ஃபெட் விளக்குகளுக்கு அவசியமான 15 ஆம்பியர் பேட்டரி இங்கே தேவையில்லை. கொள்ளளவு மிக்கதே உசிதம். சந்தையில் 9,900 என்று அச்சிட்ட 18650 பேட்டரிகளும் கிடைக்கின்றன. அந்த அளவில் உண்மையான பேட்டரி எதுவும் உலகில் இல்லை; அவற்றைக் கையாலும் தொடக்கூடாது என்று மச்சானின் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வேலை நடந்த விதத்தையும் சொல்ல ஆசை. எல்.இ.டி.யின் அடியில் மின்சாரம் பாயாத ஒரு நடுத்திண்டு உண்டு; உஷ்ணம் இறங்குவதற்கென்றே அமைந்தது. மலிவான அலுமினியத் தகடுகளில் அந்தத் திண்டுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்காப்புக்காக ஒரு மெல்லிய பிசின் படலம் இருக்கும். உஷ்ணம் அதைக் கடக்கமுடியாமல் தவிக்கும். செம்புத் தகட்டிலோ, அந்த இடத்தில் மாத்திரம் படலத்தை நீக்கி, திண்டை நேராகச் செம்போடு பற்றவைக்கும்படி மேடு விட்டிருப்பார்கள். பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தகட்டை இட்டு, ஈயப் பசையை ஊசிமுனையளவு தடவி, சாமணத்தால் எல்.இ.டி.யை வைத்தேன். 183 டிகிரியில் ஈயம் உருகி மின்னியதும், சற்றுக் கோணலாக வைத்திருந்த எல்.இ.டி. தானாகவே அசைந்து, தன் ஸ்தானத்தில் நேராக அமர்ந்துகொண்டது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை செய்கிற இந்தக் காரியத்தை நான் வகுப்பில் எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருந்தும், கண்ணெதிரே நிகழும்போது ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகவே இருக்கிறது. தகட்டைத் தாங்குகிற செம்புத் துண்டை ஆவாரம்பாளையத்துக் கடைசல் பட்டறையொன்றில் கடைந்து வாங்கினேன். பம்பு மோட்டார்களுக்கு உறுப்புகள் செய்கிற அப்பட்டறைக்காரர், இருபது மில்லிமீட்டர் துண்டுக்காக லேத்தை நிறுத்தி அமைத்ததோடு, கூட்டுக்குள் அது இறுக்கமாக இறங்கவேண்டியதன் காரணத்தைக் கேட்டறிந்து, விளிம்பை மயிரிழை மயிரிழையாகக் கடைந்து கொடுத்தார். செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்துமென்றாலும், இரண்டுக்குமிடையே காற்று புகுந்துவிட்டால் அந்த மேன்மை முழுவதும் வியர்த்தமாகிவிடும்.

மங்கலான வெளிச்சத்தைப் பெறுவதற்கு நுண்கணிப்பான் கையாளும் வழி, விளக்கை வெகு வேகமாக ஏற்றி அணைப்பது. அந்த வேகம் நொடிக்குச் சில நூறு முறையாக இருந்தால், அசையாத பொருளில் ஒன்றும் தெரியாது; தெளிப்பு நீர்க் குழாயிலிருந்து சிதறும் துளிகள் மாத்திரம் கோடாகத் தோன்றாமல் புள்ளி புள்ளியாக வெட்டுண்டு தோன்றும். நடக்கிறவனுக்கு அது கண்ணை உறுத்தும். நொடிக்கு 19,000 முறை அளவுக்கு உயர்த்தியபோது அந்தத் தோஷம் மறைந்தது. இருந்தாலும், இரண்டு ஐ.சி.களை மட்டும் இடைவிடாமல் திறந்துவைப்பதே சிறந்த முறை என்பது என் துணிபு. வெட்டி வெட்டிக் கொடுக்கும்போது, எரிகின்ற அந்தக் கண நேரங்களில் எல்.இ.டி. முழு மின்னோட்டத்தையே சுமப்பதால், குறைந்த மின்னோட்டத்துக்கே உரிய சிக்கனத்தை அது இழந்துவிடுகிறது.

அன்றிரவு மச்சான் இரண்டு விளக்குகளையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டு வந்தார். தூர விளக்கைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வேண்டியது தெரிகிறது என்று சொல்லித் திண்ணையில் வைத்துவிட்டார். அண்மை விளக்கை மட்டும் அணைக்காமல், சருகின்மேலும் தன் கையின்மேலும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சருகு சருகாட்ட இருக்குதுங்க, மண்ணு மண்ணாட்ட இருக்குதுங்க. கையும் செத்தவன் கையாட்டத் தெரியலீங்க பாருங்க" என்றார். நிறப்பிரதிபலிப்புக் குறியெண்ணைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரரும் விளக்கு ஒன்று கேட்டிருக்கிறார். நிச்சியாவின் 519ஏ வந்துவிட்டபடியால், நிறத்தை இழக்காமல் முன்னைவிட அதிக ஒளி பெற முடிகிறது, எல்.இ.டி.யைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. டிரைவரில்தான் சில நாட்கள் யோசனையாக இருந்தது. 519ஏ கேட்கும் மின்னழுத்தம் குறைவாகையால், பழைய முறை டிரைவரில் விரயமாகும் பங்கு கூடுகிறது. இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து 6 வோல்ட்டாக்கி, சுருளும் சுவிட்சுமாக மின்னழுத்தத்தை உயர்த்துகிற பூஸ்ட் டிரைவரைப் போட்டால் அந்த விரயம் நின்றுவிடும். பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் ஒளி ஒரே சீராக நிற்கும். ஒற்றைப் பேட்டரியில் எரியவேண்டிய 6 வோல்ட் எல்.இ.டி.களுக்கு அதைவிட்டால் வேறு கதியும் இல்லை. க்ரீயின் எக்ஸ்ஹெச்பி70க்கு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால் 24 வாட். பத்தில் ஒரு பங்கு சேதாரம் போக, 3.6 வோல்ட் பேட்டரியிலிருந்து 7.4 ஆம்பியர் இழுக்கவேண்டும். பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே வெளிச்சத்துக்கு 8.3 ஆம்பியர் கேட்கும். களைத்த பேட்டரியிடம் மேலும் அதிகமாகக் கேட்டு, கடைசிவரை ஒரே பிரகாசத்தைக் காட்டி, காப்பு எல்லையை எட்டியதும் ஒரே கணத்தில் நிறுத்திவிடுவது அதன் குணம்.

மேஜையில் அளந்து பார்க்கையில் பூஸ்ட் டிரைவரே எல்லா விதத்திலும் சிறந்ததாகத் தெரிந்தது. அதையே சொல்லி மச்சானிடம் அபிப்பிராயம் கேட்டேன். தோப்பு நடுவில் நிற்கும்போது திடீரென்று அணைந்துபோனால் என்ன செய்வது, மங்கினாலாவது வரப்பு ஏறிவிடலாமே என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து விளக்குக்கும் எட்டு ஐ.சி. டிரைவரையே வாங்கி வைத்திருக்கிறேன். செம்புத் துண்டுக்கு ஆவாரம்பாளையத்தில் அளவு கொடுத்தாயிற்று.